இடது பாதத்துக்கு அடியில்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், சிரிஞ்சு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கும் நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, முக்கால் அடி உயரமுள்ள சூப்பர் ஹீரோ பொம்மை ஒன்றை வாங்கினாள்.

அவள் போனது குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்க. பாத்திரக் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குள் நீல அங்கியும் பாதி முகத்தில் மின்னல் கோடுமாக நின்றவனைப் பார்த்ததும் அவள் கால் நகரவில்லை. மின்முகன். எட்டு வயதில் தம்பி துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்துக் குதித்து உயிரை வாங்கியது இவனாக மாறித்தான்.

"கடைசி பீஸ் மேடம். யாருக்கு, பேரனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா" என்று சொல்லிவிட்டாள். கல்யாணமே ஆகாதவளுக்குப் பேரன் எங்கிருந்து முளைத்தான் என்று படியிறங்கும்போதுதான் உறைத்தது.

தொழிற்சாலையில் அவளுக்கு 'லென்ஸ் அக்கா' என்று பெயர். தட்டுத் தட்டாக வரும் சிரிஞ்சுகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் பிசிறு இருக்கிறதா, உள்ளே குமிழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். இருபத்தாறு வருடத்தில் ஒரு தட்டைக்கூட நாளைக்கு ஆகட்டும் என்று அவள் தள்ளிவைத்ததில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். ஒன்றில் அவள் உட்காருவாள். மற்ற மூன்றில் மடித்த துணி, பழைய பேப்பர், கைப்பை. அன்று கைப்பையை எடுத்துவிட்டுப் பெட்டியை அந்த நாற்காலியில் வைத்தாள். திறந்து, பொம்மையை மேஜைமேல் நிறுத்திப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள்.

தம்பி வேறு ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறான். இந்த மாதிரிப் பொம்மைகளைச் சேர்ப்பதில் பைத்தியம். அவன் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு போன் வரும். உடம்பு எப்படி, வேலை எப்படி, சரிக்கா வெக்கிறேன்.

படம் போய் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

"அக்கா! எங்க புடிச்ச இத? பெட்டியத் திறக்காத!"

"திறந்தாச்சுடா. திறக்காம எப்படிப் பாக்கறது?"

"போச்சு. சரி, போனது போகட்டும். இந்த ஃபிகர் இப்ப எங்கயுமே கிடைக்கறதில்ல, தெரியுமா?"

"நாப்பத்தி மூணு வயசுல ஃபிகருக்கு அலையறியேடா, வெக்கமா இல்ல?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஏறக்குறைய மறந்தே போயிருந்தது.

"நல்லாக் கேளு. டூப்ளிகேட் நிறையச் சுத்துது. இடது பாதத்துக்கு அடியில ஒரு நம்பர் இருக்கும். ஒரிஜினல்ல நம்பர் மேடா இருக்கும், டூப்ளிகேட்ல பள்ளமா இருக்கும். அது ஒண்ணு போதும். பாரேன்."

அவள் பொம்மையைத் திருப்பினாள். லென்ஸ் தேவைப்படவில்லை. கட்டை விரலால் தடவியதுமே தெரிந்தது. பள்ளம்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"இங்க வெளிச்சம் பத்தலடா."

"சரி, நாளைக்குப் பாத்து வை. நாளைக்குப் பேசறேன்."

நாளைக்குப் பேசறேன். போனை வைத்த பிறகும் அவள் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை ஏழு மணிக்குச் சொன்னபடி அழைத்தான். பாதத்தைப் பற்றி அவன் கேட்பதற்குள் முழங்கை மூட்டைப் பற்றி அவள் ஆரம்பித்துவிட்டாள். வலது கை தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்குகிறது, இடது கை மடங்கும்போது க்ளிக் என்கிறது, அக்குளில் பிசிறைக் கத்தியால் சீவியிருக்கிறார்கள், தேய்த்து எடுக்கவில்லை.

"யம்மா! எங்க குரூப்ல இருக்கறவன் எவனுக்கும் இந்தக் கண்ணு கிடையாது. உன் கண்ணுக்கு இது வரைக்கும் ஒரு ஆம்பளையாவது தேறினானா?"

"தேறியிருந்தா உன் பொம்மைக் கதைய யாருடா உக்காந்து கேக்கறது?"

வியாழக்கிழமை அங்கி. தையலைச் சென்டிமீட்டருக்கு இத்தனை என்று எண்ணிச் சொன்னாள். அன்று அவனும் பேசினான். புது அறை மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அலமாரியில் இடமில்லாததால் இரண்டு பொம்மைகள் பிரிட்ஜ் மேல் நிற்கின்றன. சாப்பாட்டை அடுப்படியில் நின்றபடியே முடித்துவிடுகிறான். நாற்பது நிமிடம். அவள் காது சுட்டது.

வெள்ளிக்கிழமை வேலையில் ஒரு தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். உடனே இழுத்துப் பார்த்துச் சிவப்பு ஒட்டினாள்.

அன்று ஆறு மணிக்கே போன் வந்தது.

"அக்கா, முடிவு பண்ணிட்டேன். ஒரிஜினல்னா சொல்லு, ராத்திரி ரயிலேறி நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கறேன். ரெண்டு நாள் தங்கறேன். லீவு சொல்லியாச்சு."

அவள் மற்ற இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். துணியை அலமாரியில் அடுக்கிவிடலாம். பேப்பரைக் கட்டி வெளியே வைத்துவிடலாம். வந்த பிறகு அவனே திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால் போயிற்று.

"நீ வந்து ஒரு தடவ பாத்துக்கயேன்" என்றாள்.

"நீ பாத்த பிறகு நான் என்னத்தப் பாக்கப் போறேன்? நீ சொன்னா சரி. சொல்லு. மேடா, பள்ளமா?"

அவள் பொம்மையைத் திருப்பவில்லை.

"பள்ளம்."

"ச்சே. நல்லாப் பாத்தியா? எப்பப் பாத்த?"

"செவ்வாக்கிழமையே."

"செவ்வாக்கிழமையேவா? அப்ப ஏன்கா சொல்லல?"

"நீ பேசிட்டிருந்தடா."

மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதை மூடும் சத்தம்.

"சாப்ட்டியாக்கா?"

"இனிமேதான்."

"சரி. டிக்கெட் இன்னும் போடல. அடுத்த மாசம் பாக்கலாம். கடைக்காரன விடாத, திருப்பிக் குடுத்துடு."

"சரிடா."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடைக்காரர் பொம்மையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தம்பி வரவில்லை.