செருப்புக் காவல்

உடற்கல்வி ஆசிரியர்களுக்காகக் கர்நாடகத்தின் கதக் நகரத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் நடந்த பயிற்சி முகாமில் நான் பயிற்றுநர். பயில வந்தவர்களில் எல்லோரும் அறிந்த பெயர் வீரபத்ரப்பா ஹடபத. அவருடைய கோ-கோ ஆட்ட அணிகள் வென்ற கோப்பைகளுக்கு அவர் பள்ளியின் அலமாரி போதவில்லை. மாவட்டப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. முகாமின் இறுதியில் அவர் நடத்தும் மாதிரி வகுப்பைப் பார்த்துவிட்டு, அந்தப் பொறுப்பு அவருக்கா இல்லையா என்பதை மேற்பார்வையாளர் சங்கனகௌடர் முடிவு செய்வதாக ஏற்பாடு.

தொடக்க நாளிலேயே நான் சொல்லியிருந்தேன்: தொடப்பட்டவர் வெளியேற வேண்டும் என்ற விதியை உங்கள் வகுப்புகளிலிருந்து தூக்கி எறியுங்கள். எந்தக் குழந்தைக்கு ஓட்டம் மிகவும் தேவையோ, அந்தக் குழந்தையைத்தான் அந்த விதி முதலில் உட்காரவைக்கிறது. நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, நலமாக இருப்பவனுக்கு மருந்து புகட்டுவதற்குப் பெயர் வைத்தியமா?

வீரபத்ரப்பா சிரித்தார். "நல்லா பேசுறீங்க மேடம், கைதட்டிடலாம். ஆனா அவுட்டே இல்லாம ஒரு ஆட்டமா? உப்பில்லாத கிர்மிட் பொரி மாதிரில்ல இருக்கும்!"

உடன் பயில வந்திருந்த அவருடைய நண்பர் மெஹபூப்சாப் விடவில்லை. "மேஷ்ட்ரு சம்சாரம் உப்பு போட மறந்தா, அந்த அக்காவும் அவுட்டுதான்ரீ!"

"அவ என்னை அவுட் ஆக்காம இருக்காளேன்னு நானே கும்பிட்டுட்டு இருக்கேன், நீ வேற!"

மாதிரி வகுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்தது அதே பழைய ஆட்டம்தான். ஒருவன் துரத்துவான், தொடப்பட்டவர் உட்காருவார், கடைசியில் நிற்பவருக்கு வெற்றி. அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்புகளைக் கழற்றி வேப்பமரத்தடியில் குவித்தார்கள். ஆட்டத்தை இழந்தவர் செருப்புக்குக் காவல் இருப்பது எங்கள் பள்ளிகளின் வழக்கம்; கவனிக்காவிட்டால் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விடும்.

விசில் ஊதுவதற்கு முன்பே ஒரு சிறுமி அவரிடம் வந்தாள். பெயர் கல்லவ்வா. "மேஷ்ட்ரே, நான் செருப்புக்கிட்ட உக்காந்துக்கட்டுமா?"

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்கேன்ரீ. எப்படியும் மொதல்ல நான்தான் அவுட்டு. இப்பவே போயிட்டா உங்களுக்கும் வேலை மிச்சம்ல?"

அவள் குரலில் அழுகையோ குறையோ இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

"அதெல்லாம் இல்ல, போய் ஆடு."

விசில் ஒலித்தது. எல்லோரும் சிதறி ஓட, கல்லவ்வா மட்டும் துரத்துபவனை நோக்கி நேராக நடந்தாள். தோளை நீட்டினாள். "சீக்கிரம் தொடுடா, வெயில் சுடுது." தொட்டான். கடமை முடிந்த நிம்மதியோடு மரத்தடிக்குப் போய், சாய்ந்து கிடந்த செருப்புகளை ஜோடி சேர்க்கத் தொடங்கினாள்.

ஓடத் தெரியாதவள் அல்ல அவள், ஓடாமலிருக்கப் பயிற்றுவிக்கப்பட்டவள். அந்தப் பயிற்சியை அளித்தவர்கள் யார்? பிள்ளைகளில் ஒரு பாதியைச் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டு, பதக்கப் பட்டியலில் தன் பெயரைத் தேடுகின்ற நாடு இது!

வீரபத்ரப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீளமாக விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

"விதி மாறுது! தொட்டாச்சுன்னா யாரும் உக்காரக்கூடாது. தொட்டவனோட சேந்து தொரத்தணும். கல்லவ்வா, எந்திரி!"

"அப்போ செருப்பு?"

"நான் பாத்துக்கறேன்."

சங்கனகௌடரின் எதிரிலேயே அவர் போய் மரத்தடியில் உட்கார்ந்தார். கல்லவ்வா ஓடினாள். மூச்சு வாங்க நின்றாள், மீண்டும் ஓடினாள். வகுப்பிலேயே வேகமான பையனைச் சுவரோரம் மடக்கிச் சட்டையைப் பிடித்தாள்.

"ஏய், விடுடி!"

"மாட்டேன் போ! எத்தனை நாள் உன் நாத்தச் செருப்பைப் பாத்திருக்கேன்!"

எல்லோரும் துரத்துபவர்களாகிவிட்டபோது, பிள்ளைகள் தாங்களாகவே ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். வரிசை கலைந்தது. மணி அடித்தும் ஒருவரும் நிற்கவில்லை.

"என்ன மேஷ்ட்ரே, சந்தையாட்டம் இருக்கு? ஜெயிச்சது யாரு?" என்றார் சங்கனகௌடர்.

"தெரியலீங்க."

"ஜெயிக்கறவளப் பொறுக்கத் தெரிஞ்சவருதான் எனக்கு வேணும்."

நான் வாதாடினேன், அவர் செவிசாய்க்கவில்லை. மாவட்ட அணி வேறொருவரிடம் போயிற்று.

பகல் உணவின்போது வீரபத்ரப்பா சோள ரொட்டியைத் தொடவில்லை. "வருத்தமா?" என்றேன்.

"வருத்தம்தான் மேடம், பொய் சொல்லல." தட்டைத் தள்ளி வைத்தார். "என் பள்ளிக்கூடத்துலயும் ஒருத்தி செருப்புப் பக்கத்துல உக்காந்திருப்பா. மூக்குத்தி போட்ட பொண்ணு. ஜெயிச்சுத் தந்த பிள்ளைங்க பேரெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிடுவேன். இவ பேரு மட்டும் வரவே மாட்டேங்குது."

சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு அவர் நிற்கவில்லை. அவருடைய பள்ளி விடுவதற்குள் ஊர் போய்ச் சேரும் பேருந்து ஒன்று இருந்தது.