மூக்கில் ஒட்டிய நீலம்

மருமகள் தாய்வீடு போயிருந்த நாட்களில்தான் பட்ஜிக் கிளியின் மூக்கு வெளுக்கத் தொடங்கியது.

தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று சனோபர் முதலில் நினைத்தாள். கூண்டை வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளைச் சுற்றியிருக்கும் சதை, இத்தனை நாளும் நல்ல நீலமாக இருந்தது. நீலம் என்றால் ஆண். கோகந்த் நகரத்தில் பறவை வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது பாதி நீலம், பாதி வெளிர் ரோஜா. கூண்டில் தொங்கும் சுண்ணாம்புக் கட்டியில், பறவை அலகைத் தேய்க்கிற இடத்தில், கருநீலமாக ஒரு தீற்றல்.

"சாயம் பூசி வித்திருக்கான்" என்றாள் சனோபர், தனக்குத்தானே.

ஆண் பறவைதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கணவர் துராப்புக்குப் பேச்சு குழறியது. அந்த வெட்கத்தில் மனிதர்களிடம் பேசுவதையே விட்டுவிட்டார். பேசப் பேசத்தான் நாக்கு வழிக்கு வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பறவைக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கவாவது வாயைத் திறப்பார் என்று சனோபர் நம்பினாள். ஆண் பட்ஜிதான் பேசப் பழகும். பெண் பேசுவது அபூர்வம். அவள் நம்பிக்கை வீண்போகவில்லை. துராப் காலையிலேயே நாற்காலியைக் கூண்டருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "ச...லாம் சொல்லு" என்று தொடங்கிவிடுவார். ஆனால் பதிலே சொல்லாத பறவையிடம் எத்தனை காலம் பேசுவார்? அலுத்துப்போய் மறுபடியும் வாயை மூடிக்கொண்டால்?

மருமகள் ஜுல்ஹுமோர் தாய்வீட்டு ரொட்டியும் இனிப்பும் நிறைந்த தட்டோடு வாசலில் நுழைந்ததும், சனோபர் கூண்டைக் காட்டினாள்.

"பாரு பொண்ணே, நீ வாங்கிட்டு வந்த ஆம்பளையோட லட்சணத்தை."

ஜுல்ஹுமோர் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். "வெயில் பட்டு வெளுத்திருக்குமோ, அம்மா."

"நான் பார்க்காத வெயிலா? ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போறோம். அந்தப் பறவைக்காரன் மீர்வாசிக்கை நாலு பேர் முன்னால நிக்க வெச்சுக் கேக்கிறேன்."

"விட்டுடுங்கம்மா. சின்ன விஷயம்."

"அவன் மேல உனக்கு என்ன இவ்வளவு இரக்கம்? உங்க ஊர்க்காரனா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

மருமகள் தட்டோடு உள்ளே நடந்தாள். அது சனோபரின் மனதில் முள்ளாகத் தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பறவைச் சந்தையில் நல்ல கூட்டம். சட்டைக் கைக்குள் காடையை வைத்துக்கொண்டு திரிகிற ஆண்களெல்லாம் சனோபரின் குரலுக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொழுகையில முதல் வரிசையில நிக்கிறவராமே நீங்க. கிளி மூக்குக்குச் சாயம் பூசுறதுக்கு எந்த வரிசையில நின்னு கத்துக்கிட்டீங்க?"

"மீர்வாசிக், அடுத்த தடவை மீசையும் வரைஞ்சு குடுத்துடு" என்றான் காடைக்காரன் ஒருவன். கூட்டம் சிரித்தது.

மீர்வாசிக் பறவையைக் கையில் எடுத்தார். தேநீர்க் கிண்ணத்தில் விரலை நனைத்து அதன் மூக்கை மெல்லத் துடைத்தார். பிறகு அந்த விரலை முகர்ந்து பார்த்தார். மாமியாருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற இளம்பெண்ணை ஒருமுறை பார்த்தார். அவள் கூண்டுத் துணியை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உண்மைதான் அக்கா" என்றார். "என் கடையிலதான் நடந்திருக்கணும். மன்னிச்சுக்கங்க. முத்தின ஆண் ஒண்ணு தர்றேன், மூக்கைக் கழுவிப் பாத்தே எடுத்துட்டுப் போங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கூண்டு ஒன்றை வாங்கக் கையில் எடுத்திருந்த ஒருவர் அதைத் திரும்ப வைத்துவிட்டு நடந்தார்.

வேன் ஏறி வீடு திரும்பும்போது சனோபருக்கு வெற்றி ருசிக்கவில்லை. ஏமாற்றுகிறவன் சண்டை போடுவான், சத்தியம் செய்வான். இந்த மனிதர் ஏன் உடனே பணிந்தார்? விரலை ஏன் முகர்ந்தார்?

சாட்சிக்கென்று கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்த சுண்ணாம்புக் கட்டியைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். கசக்கிய பச்சிலையின் காரமான வாசனை. அது உஸ்மா. பெண்கள் புருவத்துக்குப் பூசுகிற இலைச்சாறு. பச்சையாக ஒட்டும், பிறகு கருநீலமாக ஏறும், சில நாளில் தானாகக் கரையும். அவள் வீட்டு முற்றத்தில் குழாயடியில் செழித்து நிற்கிறது. எல்லோருக்கும் முன்னே எழுந்து முற்றம் பெருக்குவது மருமகள். அவள் இல்லாத நாட்களில்தான் நீலம் கரைந்தது.

ஜுல்ஹுமோர் புதுப் பறவையின் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. துஆ ஓதிப் பிரார்த்திக்கிறாளா, அழுகையை விழுங்குகிறாளா என்று தெரியவில்லை.

அவளைச் சந்தைக்கு அனுப்பிய காலை சனோபருக்கு நினைவுக்கு வந்தது. "பொட்டையைக் கொண்டுவந்தா நீயும் வாசப்படி ஏறாதே" என்று சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"வாங்குறப்போ அவர் என்னம்மா சொன்னாரு?" என்று மருமகளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இது குஞ்சு, நிறம் தெளிய சில மாசம் ஆகும்னாரு. ஆணாத்தான் தோணுது, ஆனா அல்லாஹ் மேல ஆணையிட மாட்டேன்னாரு." குரல் தேய்ந்தது. "நீங்க நீலம்தான் பாப்பீங்கன்னு... நான்தாம்மா..."

"தெரியும்" என்றாள் சனோபர். பிறகு ஓட்டுநரிடம், "தம்பி, வண்டியை நிறுத்துப்பா."

சந்தைக்குத் திரும்பி, பழி சொன்ன அதே இடத்தில், அதே உரத்த குரலில் அவள் சொன்னாள்: "எல்லாரும் கேளுங்க. இவர் சாயம் பூசலை. அது என் வீட்டு உஸ்மா, என் வீட்டுல பட்டது. தப்பு என்னோடது."

"கிளிக்குப் புருவமா வரைஞ்சீங்க, அக்கா?" என்றான் அந்தக் காடைக்காரன்.

"வயசாச்சு. புருவம் எது, மூக்கு எதுன்னு தெரியலை."

கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றாள்.

சிரிப்பு அடங்கியதும் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "பழியை ஏன் அண்ணே ஏத்துக்கிட்டீங்க?"

"எனக்கும் மகளைக் கட்டிக்குடுத்த வீடு ஒண்ணு இருக்கு, அக்கா." மீர்வாசிக் தேநீர் ஊற்றி முதல் கிண்ணத்தை ஜுல்ஹுமோரிடம் நீட்டினார்.

"எங்க பறவையையே குடுத்துடுங்க" என்றாள் சனோபர்.

"ஆணுன்னு இப்பவும் சத்தியம் பண்ண மாட்டேன்."

"வேண்டாம். அதுக்கு சலாம் சொல்ல ஒருத்தர் வீட்டுல காத்திருக்காரு."

துராப் காத்துத்தான் இருந்தார். கூண்டை மாட்டியதும், "எங்...க போன?" என்று பறவையைக் கேட்டார். சனோபர் கதவருகே அசையாமல் நின்றாள். கற்றுக்கொடுப்பதற்கான சொல் அல்ல அது. அவருக்கே தெரியவேண்டியிருந்த ஒன்று.

சாயங்காலம் குழாயடியில் அவள் உஸ்மா இலைகளைப் பறித்துக் கிண்ணத்தில் கசக்கினாள். "உக்காரு" என்றாள் மருமகளிடம். ஜுல்ஹுமோர் தயங்கி உட்கார்ந்தாள். பஞ்சு சுற்றிய குச்சியைச் சாற்றில் தோய்த்து, அவள் புருவத்தில் சனோபர் மெல்ல இழுத்தாள். உள்ளே துராப் பறவையிடம் எதையோ குழறிக்கொண்டிருந்தார். பறவை பேசாமல் இருந்தது.

"ஆடாதே" என்றாள் சனோபர். "மூக்குல பட்டுச்சுன்னா உன்னையும் ஆம்பளைன்னு சொல்லிடுவாங்க."

அந்த வீட்டுக்கு வந்தபின் முதல்முறையாக ஜுல்ஹுமோர் சத்தமாகச் சிரித்தாள். குச்சி நழுவி, நீலமாக ஏறப்போகும் சாறு மூக்கிலேயே பட்டது.