பெண் போலீஸ் வரும்வரை

பலாத்காரப் புகார் என்றால் பெண் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சுற்றறிக்கை அனுப்பியது. நல்ல காரியம், யார் இல்லை என்றார்கள்? பெண் போலீஸைத்தான் அனுப்ப மறந்துவிட்டார்கள். ஸ்ரீராம்புரம் ஸ்டேஷனுக்கு இருந்தது ஒரே ஒருத்தி, கோலார் தங்கவயலிலிருந்து வந்த கான்ஸ்டபிள் தனலக்ஷ்மி.

சுற்றறிக்கையை விளக்க டவுனில் ஒரு கூட்டம், அமைச்சர் வருகிறார், பெண் போலீஸ் அத்தனை பேரும் வரவேண்டும் என்று உத்தரவு. தனலக்ஷ்மி கையில் பூத்தட்டைக் கொடுத்து மேடையோரம் நிறுத்தினார்கள். "பாதிக்கப்பட்ட பெண் குளிப்பதற்கு முன், துணி மாற்றுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், அதுதான் சாட்சி" என்று மேடையில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. ஸ்ரீராம்புரத்துப் பெண் உஷா, தையல் கம்பெனி சூப்பர்வைசர்மேல் புகார் சொல்ல அம்மாவோடு வந்து காத்திருக்கிறாள். தனலக்ஷ்மி கூட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரியம்மாவிடம் ஓடினாள்.

"மேடம், நான் மட்டும் போயிடறேன் மேடம்."

"போலாம்மா. மினிஸ்டர் கெளம்பட்டும். நீ போயிட்டா தட்டை யாரு புடிக்கிறது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அமைச்சர் சாவகாசமாக வந்து, சாவகாசமாகப் பேசி, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அவள் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தபோது பெஞ்சு காலி. சப்-இன்ஸ்பெக்டர் ஓஸ்வால்ட் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஒரு கேள்விகூட கேக்கலம்மா. பக்கத்துலயே போகல. ரூல்னா ரூல்தான்" என்றார். தப்பு செய்யாத மனுஷனின் பெருமை முகத்தில் வழிந்தது. தனலக்ஷ்மிக்கு அந்த டீயை அப்படியே தட்டிவிடலாம் போலிருந்தது.

ஸ்ரீராம்புரத்துச் சந்தில் விசாரித்துக்கொண்டு போனாள். வீட்டு வாசல் கொடியில் தாவணி சொட்டிக்கொண்டிருந்தது. உஷாவின் அம்மா சரசு எழுந்து நின்றாள்.

"அந்தத் துணியோட புள்ள எம்மா நேரம்மா குந்தியிருக்கும்? நாந்தான் தலைக்கு ஊத்தி, அலசிப் போட்டேன்."

இனி டாக்டர் என்ன எழுதுவார் என்பது தனலக்ஷ்மிக்குத் தெரியும்.

ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த உஷா நிமிர்ந்து பார்த்தாள். "எங்கக்கா போயிருந்தீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உன்ன மாதிரி பொண்ணு வந்தா எப்படி நடத்தணும்னு கத்துக்கத்தாம்மா போயிருந்தேன்."

"கத்துக்கினீங்களாக்கா?" என்றாள் உஷா. கிண்டலாக இல்லை, நிஜமாகவேதான் கேட்டாள்.