இரண்டாவது வாளி

"துடைடீ, துடை! வாசல்ல கார் வந்து நின்னாச்சு!"

நரசிம்மன் மண்டியிட்டு, டர்க்கி டவலால் தரையை ஒற்றிக்கொண்டிருந்தான். பாத்ரூம் வாசலில் குளம். பக்கத்தில் காலி வாளியோடு அவன் மனைவி வேதவல்லி.

"ஏன்னா, பால் காய்ச்சற வீட்டைக் கழுவாம எப்படி?"

"இதென்ன மாம்பலத்து மொசைக் தரையா? மரம்டீ! தண்ணி நேரா கீழே இறங்கும்!"

இறங்கிவிட்டிருந்தது.

1974. கனடாவின் ஸ்காபரோவில் புத்தம்புது வீடு. இருவரின் சேமிப்பு மொத்தமும் அதில்தான். இன்று நகராட்சி இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால் வீடு அவர்களுடையது. அப்புறம் எது இடிந்தாலும் அவர்கள் பாடு.

இன்ஸ்பெக்டரோடு உள்ளே வந்தான் கட்டுமான சூப்பர்வைசர் புரூஸ். ஈரத்தைப் பார்த்தான்.

"உங்க ஊர்ல வீட்டையும் குளிப்பாட்டுவீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக் கெக்கலித்தான்.

நரசிம்மனின் முகம் செத்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று கீழே பேஸ்மென்ட் நிலவறைக்கு இறங்கினார்.

சொட். சொட்.

'உங்களுக்காக இலவசம்' என்று புரூஸ் அடித்துக் கொடுத்த நிலவறை உட்கூரைப் பலகை, நடுவில் தொப்பையாக உப்பியிருந்தது.

"ஒண்ணுமில்லை, காய்ஞ்சிடும்!" புரூஸ் குறுக்கே பாய்ந்தான்.

இன்ஸ்பெக்டர் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். பலகை பொத்தென்று விழுந்தது. டார்ச் வெளிச்சம் மேலே ஏறியது.

பாத்ரூம் தரையைத் தாங்கும் உத்தரக்கட்டை! கழிவுக் குழாய்க்கு வழிவிட ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது இரண்டு விரல் கனம்.

"மேலே குளியல் தொட்டியை நிரப்பிக் குளித்தால், தொட்டியும் ஆளும் இங்கே வந்துவிடுவார்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். "கையெழுத்துக் கிடையாது. இந்த உட்கூரை முழுக்கப் பிரி. புதுக் கட்டை போடு. நானே வந்து பார்ப்பேன்."

புரூஸ் விழுந்த பலகையைக் காலால் ஓரம் தள்ளினான்.

அவர்கள் போனதும் நரசிம்மன் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வேதா! உன் அசட்டுத்தனம் நம்மைக் காப்பாத்திடுத்து! நல்லவேளை வீட்டைக் கழுவினே!"

"நான் எங்கே கழுவினேன்? சமையலறையைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டான். உலர்ந்திருந்தது. கூடத்திலும் ஒரு சொட்டு ஈரமில்லை.

"போன வாரம் திருஷ்டிக்கு வச்ச எலுமிச்சம்பழம் நிக்காம பாத்ரூம் வாசலுக்கே உருண்டது. தரை அங்கே தாழ்ந்திருக்குன்னு சொன்னேன். அந்த புரூஸும் சிரிச்சான், நீங்களும் சிரிச்சேள்." வேதவல்லி வாளியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னிக்கு நீங்க காரை நிறுத்தப் போனப்பவே அந்த இடத்துல ஒரு வாளி கவுத்துட்டேன், நன்னா ஊறட்டும்னு. நீங்க பார்த்தது ரெண்டாவது."