மெயினைப் பிடுங்கிய வீடு

க்ளைவ் டன்ஸ்டன் போன் செய்தபோது நான் வேறொரு வீட்டில் அடுப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஷோனா, ஒரு சின்ன வேலை. போவ்மாண்ட் தெரு வீட்டுல சமையலறை சுவிட்சைத் தொட்டா லேசா சுருக்குங்குதாம். போய் மாத்திட்டு சர்டிபிகேட் குடுத்துடு. அரை மணி நேர வேலை."

க்ளைவுக்கு நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊரான இன்வர்கார்கிலில் பதினோரு வாடகை வீடுகள். இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்தவள் செஃபினா. சமோவாத் தீவுக்காரி, முப்பது வயதிருக்கும். அவள் கணவன் தாவிதா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஆறு வயதில் ஒரு மகள், பெயர் லாகி. காய்ச்சல் என்று அன்று பள்ளிக்குப் போகாமல் சோபாவில் போர்வைக்குள் கிடந்தாள்.

"எந்த சுவிட்ச்?" என்றேன்.

செஃபினா சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அலமாரி மேலிருந்து மரக்கரண்டியை எடுத்து அதன் காம்பால் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு மாசம். லாகிக்கும் சொல்லிக் குடுத்துட்டோம். அவ கரண்டி இல்லாம தொட மாட்டா."

நான் மெயின் போர்டைத் திறந்தேன். பீங்கான் பியூஸ்கள். ஒவ்வொன்றிலும் பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துணி காயப்போடும் கம்பி அளவுக்குத் தடியான செம்புக் கம்பி. வீடே தீப்பிடித்தாலும் அந்தப் பியூஸ் போகாது. பிறகு ஏணியைப் போட்டுக் கூரைக்குள் ஏறினேன்.

வீட்டுக்குத் தொண்ணூறு வயது. ஒயரும் அதே வயது. ரப்பர் உறை போட்ட பழைய ஒயர். விரலால் தொட்டேன், உறை காய்ந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. சமையலறைக்கு மேலே இரண்டு ஒயர்கள் ஒரு மரச்சட்டத்தில் உராய்ந்த இடத்தில் மரம் கருகியிருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. பக்கத்திலேயே ஒரு அட்டை கட்டித் தொங்கியது. தூசியைத் துடைத்துப் படித்தேன். "ஆபத்து. முழு வீட்டுக்கும் புது ஒயரிங் போட வேண்டும். உரிமையாளரிடம் சொல்லப்பட்டது." கீழே யாரோ ஒரு எலக்ட்ரீஷியனின் கையெழுத்தும் தேதியும். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி.

படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

க்ளைவை உடனே வரச்சொன்னேன். இருபது நிமிடத்தில் வந்தார். ஷூவைக் கழற்றாமல் நேராக உள்ளே வந்து, செஃபினாவைப் பார்க்காமலே, "முடிஞ்சுதா?" என்றார்.

"முடியல. வீடு முழுக்க ஒயர் மாத்தணும், க்ளைவ். சுவரை அங்கங்க உடைக்கணும், திரும்பப் பூசணும், புது போர்டு வைக்கணும். எல்லாம் சேர்த்து இருபத்து மூவாயிரம் டாலர் ஆகும்."

சிரித்தார். "இருபத்து மூவாயிரமா? ஏம்மா, இந்த வீட்டை நான் வாங்குனதே நாப்பத்தோராயிரத்துக்கு!"

"வாரம் நானூத்து முப்பது வாடகை வாங்குறீங்க. ஒரு வருஷ வாடகைதான்."

"என் வாடகைக் கணக்கு உனக்கெதுக்கு? உன்னை சுவிட்ச் மாத்தத்தானே கூப்பிட்டேன்? மாத்து, எழுதிக் குடு, போ."

"அஞ்சு வருஷம் முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருக்காரே. மேல அட்டை தொங்குது."

முகம் ஒரு கணம்தான் மாறியது. "அவனும் உன்னை மாதிரிதான். ஏறிப் பார்த்துட்டு ஒரு விலை சொன்னான். உங்களுக்கெல்லாம் ஒரே பாட்டு. தொண்ணூறு வருஷமா எரியாத வீடு இன்னிக்கு எரிஞ்சிடுமாக்கும்?"

"நீங்க ஒரு ராத்திரி இங்க படுங்க, பார்ப்போம்."

"வாயைப் பாரு. வேற ஆளே கிடைக்க மாட்டானா எனக்கு?" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டார்.

கிடைப்பான். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அறுபது டாலருக்கு ஒரு பிளாஸ்டிக் சுவிட்சை மாட்டிவிட்டு எவனாவது போவான். மரக்கரண்டிக்கு வேலை இருக்காது. கூரைக்குள் கருகுவது மட்டும் கருகிக்கொண்டே இருக்கும்.

இப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன். ஆனால் மெயின் பியூஸைப் பிடுங்கி வீடு முழுக்கக் கரன்ட்டை நிறுத்தியது என் முடிவு. பிடுங்கி, போர்டைப் பூட்டி, சிவப்பு அட்டை ஒட்டினேன்.

செஃபினா ஓடி வந்தாள். "என்ன பண்றீங்க?"

"இதுல கரன்ட் விட முடியாதும்மா. தீப்பிடிச்சிடும்."

"பிரீசர் நிறைய கறி இருக்கு! சனிக்கிழமை என் தம்பிக்குக் கல்யாணம். எண்பது பேருக்குக் கறி!"

"ஜூலைக் குளிர், வெளிய மூணு டிகிரிதான். ஒரு நாள் தாங்கும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"மூணு டிகிரின்னு என்கிட்டயே சொல்றியா? அந்த மூணு டிகிரியில என் புள்ள எங்க படுப்பா? அவளுக்கு இழுப்பு இருக்கு. ராத்திரி மிஷின் வெக்கணும். மிஷினை எதுல சொருகுறது, உன் வாயிலயா?" நீங்க போய் நீயாகிவிட்டது. "உன்னை யாரு மெயினைப் புடுங்கச் சொன்னா? ரெண்டு மாசமா கரண்டியால போட்டோம், செத்தா போயிட்டோம்? இப்ப அவன் எங்களைக் காலி பண்ணச் சொல்லப் போறான். உனக்கென்ன, வண்டி ஏறிப் போயிடுவ. வீட்டுல சூடா இருப்ப!"

லாகி போர்வைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்து இருமினாள்.

வண்டியில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கை இரண்டு தடவை குத்தினேன். அவள் சொன்னதில் எந்த வார்த்தை தப்பு? க்ளைவின் மேல் இருந்த கோபத்தில் நான் பிடுங்கியது க்ளைவின் மெயினை அல்ல, இவளுடையதை.

அன்றிரவு அவர்கள் செஃபினாவின் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை எனக்கிருந்த மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டேன். மின்வாரியத்து ஆளைக் கூப்பிட்டு அனுமதி வாங்கினேன். மீட்டரிலிருந்து வீட்டின் வெளிச்சுவர் வழியாகப் புது ஒயர் இழுத்து, ஷாக் அடித்தால் தானாகவே நின்றுவிடும் சின்ன போர்டு ஒன்றை வைத்தேன். அதிலிருந்து கூடத்தில் இரண்டு பிளக், சமையலறையில் இரண்டு. ஹீட்டர், பிரீசர், லாகியின் மிஷின், மேசை விளக்கு ஒன்று. பழைய ஒயர் முழுவதையும் வெட்டிவிட்டேன், யாரும் திரும்பச் சேர்க்க முடியாதபடி.

செஃபினா கதவருகே நின்று பார்த்தாள். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் கிளம்பும்போது, "இதுக்கு யாரு காசு?" என்றாள்.

"க்ளைவ்."

"குடுக்க மாட்டான்."

"தெரியும்."

பில்லை அனுப்பினேன். க்ளைவ் போனில் கத்தினார். "நான் கேட்டேனா? என் வீட்டு ஒயரை வெட்ட நீ யாரு? கேஸ் போடுவேன்!"

"போடுங்க. கூரைப் படத்தையும் அந்த அட்டையையும் நானே கொண்டு வர்றேன்."

போட்டது அவர் இல்லை, செஃபினா. தாவிதாவுக்குப் பயம், வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. வாடகைத் தீர்ப்பாயத்தில் க்ளைவ் டை கட்டிக்கொண்டு வந்து, "எங்கிட்ட இவங்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்பேன்" என்றார்.

செஃபினா போனை நீட்டினாள். அவருக்கு அவள் அனுப்பிய ஏழு செய்திகள். ஏழாவதில் லாகி கரண்டியால் சுவிட்ச் போடும் வீடியோ. அதற்கு க்ளைவ் அனுப்பியிருந்த பதில், கட்டைவிரல் படம் ஒன்று.

விசாரித்த அம்மாள் அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டும், செஃபினாவுக்கு வாடகையில் நாலாயிரம் டாலர் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பு. என் பில்லையும் க்ளைவ்தான் கட்ட வேண்டும். வேலையை மட்டும் எனக்குத் தரவில்லை. வேறொரு கம்பெனிக்கு இருபத்தாறாயிரத்துக்குக் கொடுத்தார். எனக்குத் தரக்கூடாது என்பதற்காக மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்த மனிதர் அவர்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். நவம்பரில் வாடகையை உயர்த்தச் சட்டம் அனுமதித்த நாள் வந்தது. அந்த நாளைப் பார்த்து க்ளைவ் செஃபினாவுக்குக் கடிதம் அனுப்பினார். வாரம் ஐநூற்று ஐம்பது. வீட்டை மேம்படுத்தியிருக்கிறாராம். அக்கம்பக்கத்தில் அந்த வாடகை போகத்தான் செய்கிறது, அதனால் எதிர்க்க வழியில்லை என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். நாலு வருடத்தில் ஒயருக்குப் போட்ட காசு முழுக்க அவருக்கே திரும்பி வந்துவிடும். தருவது அவர் கொல்லப் பார்த்த குடும்பம், அல்லது அடுத்து வரும் குடும்பம்.

அவர்கள் டிசம்பரில் காலி செய்தார்கள். ஜன்னலில் "புது ஒயரிங். பாதுகாப்பான வீடு" என்று அட்டை தொங்கியதைப் பார்த்து, வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இரண்டு நாள் கழித்து செஃபினா போன் செய்தாள். தீர்ப்பாயத்தில் பார்த்ததோடு சரி; ஜூலைக்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஏணியை எடுத்துக்கிட்டு வா. ஒரு வீடு பார்த்திருக்கோம். நீ மேல ஏறிப் பார்க்காம நான் கையெழுத்து போட மாட்டேன்."

போனேன். வீட்டு ஏஜெண்ட் பெண் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் காலை மாற்றி மாற்றி நின்றாள். "பொதுவா இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

"நாங்க கேப்போம்" என்றாள் செஃபினா.

கூரைக்குள் எல்லா ஒயரையும் விளக்கடித்துப் பார்த்தேன். பதினைந்து வருடத்துக்குள் போட்ட ஒயர், நன்றாகவே இருந்தது. இறங்கி வந்து தலையாட்டினேன்.

"வாடகை எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நானூத்து எழுவது. ஒரு ரூம் கம்மி. லாகி கூடத்துலதான் படுக்கணும்." பேனாவை ஏஜெண்டிடமிருந்து பிடுங்கினாள். "குடு, கையெழுத்து போட்டுத் தொலையறேன்."