சிங்க் ஏழாவது முறை அடைத்துக்கொண்ட சனிக்கிழமை

இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில் நடுவழியில் நின்றுபோன லிஃப்டை அரை மணி நேரத்தில் கிளப்பிவிடுகிற மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த வீட்டுச் சமையலறை சிங்க் மட்டும் ஏன் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது என்று புரியவே இல்லை. ஒரு வருஷமாக இதே கூத்து. ஐம்பது நாளுக்கு ஒருமுறை, சொல்லிவைத்தாற்போல் அடைத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவிய தண்ணீர் போக வழியில்லாமல் விளிம்புவரை ஏறி, முட்டைக்கோஸ் துணுக்குகளோடு அவரைப் பார்த்து இளிக்கும்.

லிஃப்ட்காரருக்கு ஒரு பழக்கம். வேலையிடத்தில் இருக்கிற மாதிரியே வீட்டுக்கும் ஒரு பழுதுப் பதிவேடு வைத்திருந்தார். தேதி, நேரம், பழுது, நடவடிக்கை, குறிப்பு என்று ஐந்து கட்டம். முதல் நான்கும் அவருடையவை. குறிப்புக் கட்டத்தை அவர் மனைவி கைப்பற்றிக்கொண்டாள். குளியலறைக் கதவு உப்பிக்கொண்டதற்கு எதிரே, 'இன்னும் உதைத்துத்தான் திறக்கிறேன்.' கீரைப் பாத்தியை நத்தை தின்றதற்கு எதிரே, 'நத்தைக்கு நன்றி, பறிக்கிற வேலை மிச்சம்.' சிங்க் ஆறாவது முறை அடைத்தபோது இரண்டே சொல் எழுதினாள்: 'அண்ணனைக் கூப்பிடுவேன்.'

படித்ததும் லிஃப்ட்காரர் பதிவேட்டைச் சட்டென்று மூடினார். அவளுடைய அண்ணன் குழாய்க் காண்ட்ராக்டர். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அதில் லிஃப்ட்காரருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மனிதர் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு மேலே ஏறவும் கீழே இறங்கவும் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். தங்கையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். மச்சான் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், அவள் சிரிப்பதை எப்படிப் பொறுப்பது? அதனால் இந்த சிங்கைத் தன் கையாலேயே சரிசெய்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். ஞாயிறுதோறும் சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றினார்.

அதே ஞாயிறுகளில் அவள் கொல்லைப்புறத்தில் வேறொரு போர் நடத்திக்கொண்டிருந்தாள். சமையலறைச் சுவரை ஒட்டி அவள் வைத்த எலுமிச்சை மரத்துக்கு வயது ஆறு. இலைக்குக் குறைவில்லை, முள்ளுக்குக் குறைவில்லை, பூ மட்டும் மருந்துக்குக்கூட இல்லை. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவாள், காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றுவாள், அப்புறம் மனமார நாலு வார்த்தை திட்டுவாள். அவர் அவளைப் பார்த்துச் சிரிப்பார், அவள் அவரைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவள் தான் வேலை பார்க்கும் பல் டாக்டரின் கிளினிக்குக்கு அவசரமாகக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் சிங்க் ஏழாவது முறையாக அடைத்துக்கொண்டது. மணி ஒன்பது. அவள் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவாள். ரப்பர் உறிஞ்சியால் குத்திப் பார்த்தார், கம்பியை விட்டுக் குடைந்து பார்த்தார், கடைசியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனார்.

குழாய் போன வழியே தோண்டிக்கொண்டே போனால், அது நேராக எலுமிச்சை மரத்தடிக்குப் போனது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் வேர் உள்ளே புகுந்திருந்தது. பிடித்து இழுத்தார், பின்னிப்போட்ட சடை மாதிரி இரண்டு முழத்துக்கு வந்தது. அட பாவி மரமே, இத்தனை நாளும் என் சிங்க்கிலா குடித்துக்கொண்டிருந்தாய் என்று வாய்விட்டே கேட்டார். அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. குழாய்களைச் சேர்க்கும் இணைப்பு அவர் கையோடு கழன்று வந்துவிட்டது. உள்ளே பசை வைத்த சுவடே இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் சமையலறையைப் பெரிதாக்கியபோது இந்தக் குழாயைப் போட்டவர் யார் தெரியுமா? மச்சானேதான். தங்கச்சி வீட்டு வேலையை வேறு ஆளிடம் விட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று போட்டார். லிஃப்ட்காரருக்குக் குழிக்குள்ளேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. இந்த இணைப்பைக் கழுவித் துடைத்து, அவள் சாப்பிட உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அது சரி, சிங்க் ஓட வேண்டுமே! வேரோடு மரத்தை எடுத்துவிட்டால் பழைய வழியிலேயே குழாயைப் பொருத்திவிடலாம், அது அவராலும் முடியும். கோடரியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். இலைக்கும் காம்புக்கும் நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மொட்டு. எண்ணிப் பார்த்தார், பதினொன்று. அவள் இன்னும் பார்க்கவில்லை. கோடரியைக் கீழே போட்டுவிட்டுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். மரத்தைச் சுற்றிக் குழாயை வளைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் எங்கே வளைப்பது, எவ்வளவு சரிவு கொடுப்பது, அதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். வேறு வழியில்லாமல் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார்.

மச்சான் கேட் அருகே வரும்போதே கிண்டலை ஆரம்பித்துவிட்டார். கொல்லைக்கு வந்து குழியை எட்டிப் பார்த்தார். லிஃப்ட்காரர் இணைப்பை நீட்டினார். வாங்கிப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அன்னைக்குப் பசை தீர்ந்துபோச்சு மாப்பிள்ளை. நாளைக்கு வந்து வச்சுக்கலாம்னு மண்ணைத் தள்ளிட்டேன்." இணைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

எத்தனை வருஷமாகக் காத்திருந்த நிமிஷம்! வந்தபோது ருசிக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று லிஃப்ட்காரரும் வேலையிடத்தில் எத்தனையோ திருகாணியை விட்டுவைத்து, ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறார். சரி என்று தலையாட்டினார். இருவரும் குழிக்குள் இறங்கினார்கள். மச்சான் ஒரு கிண்டல்கூடப் பேசாமல் அளந்தார், அறுத்தார், பசையை வஞ்சனையில்லாமல் அப்பினார். அது காய்ந்து, சிங்க் தண்ணீர் கடகடவென்று இறங்கியபோது மணி ஒன்று.

அவள் வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் முழங்கால்வரை சேறு. என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"வேர் புகுந்துடுச்சும்மா. வேர்னா தண்ணியைத் தேடிப் போகத்தானே செய்யும்? யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார் லிஃப்ட்காரர்.

நாளெல்லாம் பல் டாக்டருக்கு ஆயுதம் எடுத்துக்கொடுக்கிறவள் அவள். கீழே கிடந்த பழைய இணைப்பை எடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவினாள். "பசையே வைக்கலையே. இது அண்ணன் போட்டதுதானே? உங்களுக்குத் தெரிஞ்சுதான் மறைக்கிறீங்களா?"

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "என் தப்புதான்மா. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றார்.

அவ்வளவுதான். இருவரையும் சேற்றுக் காலோடு படியில் உட்காரவைத்து, ஒரு கையால் மொட்டு விட்ட கிளையைப் பிடித்துக்கொண்டு, பிடி பிடியென்று பிடித்தாள். அரைகுறை வேலைக்கு ஒரு பங்கு, பொய்க்கு ஒரு பங்கு, அந்தப் பொய்க்குத் துணை போனதற்கு இன்னொரு பங்கு. லிஃப்ட்காரர் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷமாகத் தனியாளாக வாங்கிக்கொண்டிருந்ததில் சரிபாதி இன்றைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் மச்சான் மெதுவாக இவர் பக்கம் சாய்ந்தார்.

"தினமும் இப்படித்தானா மாப்பிள்ளை?"

மச்சான் வசதியாக உட்கார, லிஃப்ட்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.