திலெக்குக்கான ஒப்பாரி

துக்கத்துக்காகப் போட்ட கூடாரத்தின் மேல் கம்பளியை இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் பிஷ்கெக் நகரத்திலிருந்து வண்டி வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்த ஆண்கள் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். நழுவிய கம்பளியைச் சோல்பான் தோளில் தாங்கிக்கொண்டாள். அதனால் அண்ணன் திலெக்கின் உடலை இறக்கியதை அவள் பார்க்கவில்லை. வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம்தான் கேட்டது.

திலெக்குக்கு முப்பத்திரண்டு வயது. நகரத்தில் ஒரு நிலவறையை வாடகைக்குப் பிடித்துப் பாட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்தான். தெருச் சத்தம் பதிவில் விழக்கூடாதென்று ஜன்னலையும் காற்றுத் துளையையும் மெத்தைத் துண்டுகளால் அடைத்திருந்தான். உள்ளே எரிந்த நிலக்கரி அடுப்பின் புகைக்கு வெளியே போக வழியில்லை. காலையில் பாட வந்த பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரை அழைத்து வந்து திறந்திருக்கிறாள். மேசையில் தலை வைத்துக் கிடந்தானாம். காதில் ஹெட்போன் மாட்டியபடியே இருந்ததாம்.

குளிப்பாட்டிக் கூடாரத்தில் கிடத்தித் திரை போட்டார்கள். வாசலில் ஆண்கள் தடியூன்றிக் குனிந்து நின்று, துக்கத்துக்கு வருகிறவர்களைப் பார்த்துக் கதறினார்கள். உள்ளே பெண்கள் கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சாய்கால் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர முடியும். சாய்கால் ஒப்பாரி வைத்தால் இறந்தவரை அறியாதவர்களும் அழுவார்கள் என்று ஊரில் பேர். அந்த சாய்கால் வாயே திறக்கவில்லை. பாயிலிருந்து ஒரு கோரையை உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஏனென்று எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது அம்மா பாடியது, அடுத்த வசந்தத்தில் திலெக்கின் பாட்டாக வந்தது. அம்மாவின் குரல், அடியில் டிரம்ஸ். கால்நடை மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஏழு வருடம் யார் யார் பாட்டுக்கோ தாளம் சேர்த்துக் கொடுத்தவன் அவன். எதிலும் அவன் பேர் வந்ததில்லை. இந்தப் பாட்டுக்குப் பிறகுதான் பாடகர்கள் அவனைத் தேடி வந்தார்கள். டாக்சிகளில் அது ஓடியது. பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் அம்மா கறித்தட்டோடு உட்கார்ந்திருந்தபோதும் ஓடியது. புருஷனை அழைத்து அவள் அழுத அழுகைக்கு மணப்பெண்ணின் தோழிகள் கைதட்டி ஆடினார்கள். அம்மா தட்டை வைத்துவிட்டுப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தே வீடு வந்தாள்.

அன்று அவனிடம் போனில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கல்யாண வீட்டுல யாரு செத்தாங்கன்னு என்னைய அழ வெச்ச?"

அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. தானே போனை ஒளித்துவைத்து அந்த அழுகையைப் பதிவு செய்ததாக அவன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

பதிவு செய்தவள் சோல்பான். மடியில் போனை மறைத்துக்கொண்டு, அம்மாவின் குரல் தன்னிடம் இருக்கட்டுமே என்றுதான் செய்தாள். அண்ணன் கேட்டபோது அனுப்பினாள். பாட்டாக வந்தபோது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் கேட்டாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றபோது திலெக் தடுத்தான்.

"வேணாம். நீ அவங்ககூட ஒரே வீட்டுல இருக்கணும். நான் தூரத்துலதான இருக்கேன்."

அவளும் விட்டுவிட்டாள்.

அப்பாவின் அக்கா கானிஷாய் அத்தை அம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளை சத்தமில்லாமல் போகக் கூடாது, வாசலில் ஆட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றாள். அம்மா அசையாததால் அத்தைக்குக் கோபம் வந்தது.

"சாவு விழாத வீட்டுல ஒப்பாரிய ஓட விட்டா அது சாவத் தேடிக்கிட்டு வரும்னு அப்பவே சொன்னேன். யாரு கேட்டீங்க?"

அம்மா திரும்பினாள். அத்தையைப் பார்க்கவில்லை, சோல்பானைப் பார்த்தாள்.

"மாவு பிசையற பெரிய சட்டிய எடுத்துட்டு வா. எல்லார் போனையும் வாங்கு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோல்பான் சட்டியோடு முதலில் அத்தையிடம் குனிந்தாள்.

"மொதல்ல ஒன்னோடத போடு" என்றாள் அம்மா.

சோல்பான் போனை வெளியே எடுத்தாள். "அம்மா, அன்னிக்கு நான்தான்..."

"தெரியும். அன்னிக்கு அவன் வாசல்ல ஆம்பளைங்களோடதான நின்னான்."

குரலில் கோபமே இல்லை. சோல்பான் தன் போனைப் போட்டாள். பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். சட்டி கனத்தது. அவள் அதை மூலையில் இறக்கிவைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் தன் இடத்தில் உட்காரப் போனாள்.

"வெளிய கொண்டு போ" என்றாள் அம்மா. "நீ அதுக்குக் காவலா அங்கேயே இரு."

ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். சோல்பான் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே அம்மாவின் குரல் எழுந்தது. வாசலில் தடியூன்றியிருந்தவர்கள் கதறலை நிறுத்தினார்கள். அங்கிருந்து சோல்பானுக்கு வார்த்தை எதுவும் பிடிபடவில்லை.

பனி விழத் தொடங்கியிருந்தது. சட்டிக்குள் யாருடைய போனோ அதிர்ந்து வெளிச்சம் காட்டியது. அதன்மேல் விழுந்த பனி உருகி, திரையில் தெரிந்த எழுத்துகளின் மேல் ஓடியது.